சிமிட்டாத கண்

இரும்புத் தூண்களின் கட்டு பாதித் தூரம் இறங்கியிருந்தது. கிரேன் கூண்டிலிருந்து ஆபரேட்டர் பார்த்தபோது, கீழே சைகை காட்ட நின்ற அவருடைய மச்சினனின் கை தெரிந்தது. உள்ளங்கை தெரியவில்லை.

கட்டடத் தளத்தின் இரைச்சலில் எந்தக் கருவியும் காதுக்கு உதவாது, எல்லாம் கைச்சைகைதான். உள்ளங்கை தரையைப் பார்த்தால் இறக்கு. கூண்டைப் பார்த்து விரிந்தால் நிறுத்து. அந்த வித்தியாசம்தான் ஆபரேட்டருக்கு இப்போது பிடிபடவில்லை.

பளு இறங்கும்போது அவர் கண்ணைச் சிமிட்ட மாட்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பழக்கம். அதனாலேயே தளத்தில் அவருக்கு ‘ஆந்தை’ என்று பெயர். உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

போன வாரம் கண் டாக்டரம்மா கீழிமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பார்த்துவிட்டு, “கண்ணு நல்லா வறண்டு போச்சு” என்றார்.

“தண்ணியா கொட்டுதும்மா. வறண்டிருக்குங்கறீங்க?”

“அது உறுத்தல்ல வர்ற தண்ணி. வந்த வேகத்துல வழிஞ்சிடும். இமை ஓரத்துல ஊறுற எண்ணெய்தான் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். சிமிட்டினாத்தானே அது பரவும்? வெதுவெதுப்பா துணி ஒத்தடம் குடுங்க. ஏசி காத்த முகத்துல படவிடாதீங்க. நான் எழுதித் தர்ற சொட்டு மருந்த விடாம போடுங்க. சரியாகிற வரைக்கும் கிரேன்ல ஏறாதீங்க. அப்புறம், சிவப்பு போகன்னு கடையில வாங்குறீங்களே, அத தூக்கிப் போடுங்க. கண்ணு வெளுக்கும், வறட்சி கூடும்.”

ஒத்தடத்தை மனைவி கொடுத்தாள். “இத்தன வருஷத்துல இப்பத்தான் என்னை முறைக்காம உக்காந்திருக்கீங்க” என்றாள். அவர் துணிக்கடியில் சிரித்தார். ஆனால் சிவப்பைப் போக்கும் மருந்தையும் விடவில்லை, கிரேன் ஏறுவதையும் விடவில்லை. சிவந்த கண்ணோடு போனால் மேற்பார்வையாளர் ஏற விட மாட்டார். கூண்டை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

இப்போது கூண்டில் வேண்டுமென்றே ஒரு முறை சிமிட்டினார். ஒரு கணம் எல்லாம் துலங்கியது. அதற்குள் மச்சினன் பக்கவாட்டில் திரும்பிவிட்டான். மறுபடி மூட்டம். மூட்டத்துக்குள் ஒரு கை உயர்ந்தது.

இறக்கு என்றுதான் இருக்கும். எப்போதும் அப்படித்தானே இருந்திருக்கிறது. விரல்கள் லீவரை அழுத்தப் போயின. அந்தக் கைக்கு மேலே தொங்கும் இரும்பு அசையாமல் காத்திருந்தது.

அந்தத் தளத்தில் ஹாரனை நீளமாக அடித்தால், ஆபரேட்டரால் இனி பளுவைக் கையாள முடியாது என்று அர்த்தம். அடித்தவர் இறங்கிவிட வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் திரும்ப ஏற முடியாது. அவர் ஒரு நாளும் அடித்ததில்லை.

அடித்தார்.

ஏணியில் தடவித் தடவி இறங்கியபோது மச்சினன் ஓடி வந்தான்.

“என்னாச்சு மாமா? நெஞ்சு வலிக்குதா?”

“நீ என்ன காட்டின?”

“இறக்குன்னுதான். ஏன்?”

அப்படியென்றால் ஹாரனை அவர் வீணாகத்தான் அடித்திருக்கிறார்.

“உன் கை தெரியல” என்றார்.

“நல்லா இருக்கு போங்க, ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியலையா?” என்று சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். “எத்தன நாளா?”

“கொஞ்ச நாளா.”

“நேத்து குழாய் இறக்கினோமே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நேத்தும் நான்தானே மாமா கீழ நின்னேன்?”

“ஆமா.”

“கை தெரியாம எப்படி இறக்குனீங்க?”

“எப்பவும் காட்டுறதத்தானே நீ காட்டுவேன்னு...”

மச்சினன் தொங்கிக்கொண்டிருந்த இரும்பை அண்ணாந்து பார்த்தான். மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே வந்தார். வேறொரு ஆபரேட்டர் கூண்டில் ஏறினார்.

இரும்பு மெல்ல அசைந்தது. மச்சினன் தன் இடத்துக்குத் திரும்பினான். பிறகு அங்கே நிற்காமல், பளுவின் நிழல் எட்டாத தூரத்துக்குத் தள்ளிப் போய் நின்று, கையைத் தூக்கினான்.