கூட்டத்துக்கு நீட்டிய வரி

கடைசி வரியில் பாடகி மறுபடியும் சறுக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், இன்னொரு தடவை போகலாம் மேடம் என்றார். நல்ல மனிதர். காலையிலிருந்து அதே வார்த்தையை அதே பணிவோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பணிவுதான் அவளைக் கூசவைத்தது.

அறியாத வயதில் பாடிய காதல் தோல்விப் பாட்டு. அதற்குப் பிறகு எத்தனையோ பாடிவிட்டாள், ஆனாலும் ஊருக்கு அவள் அந்தப் பாட்டுக்காரிதான். அதையே இப்போது, சாயம் பூசாமல் வெளியே தலைகாட்ட முடியாத வயதில், புது வாத்தியங்களோடு மறுபடி பாடி வெளியிடுவதாக ஏற்பாடு. ‘போகும்போது கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போ’ என்று முடியும். அந்த ‘மெல்ல’வில் குரல் உடையும். அழுகை என்றும் சொல்ல முடியாது, மூச்சு தடுக்கி விழுந்த மாதிரி ஒன்று. கேட்டவர்களெல்லாம் அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பேட்டிகளில், மைக் முன்னால் தன்னையறியாமல் அழுதுவிட்டதாக அவள் சொல்லுவாள். சொல்லிச் சொல்லி, நிஜமாகவே அழுத ஞாபகம்கூட வந்துவிட்டது.

மேடையில் மட்டும் அந்த வரியை அவள் பாடியதே இல்லை. அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவாள். மொத்தக் கூட்டமும் தொண்டை கிழியப் பாடும். ரசிகர்கள் மேல் எவ்வளவு அன்பு பாருங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அன்பாவது ஒன்றாவது. பதிவில் இருந்த அந்த வரியே அவள் பாடியது இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

பாடியவள் அக்கா. தங்கையைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் பதிவு நாளன்று ஸ்டுடியோவுக்குத் துணைக்கு வந்தவள். அக்காவைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தவன் அந்த மாதம்தான் வேறிடத்தில் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தான். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அக்காவும் திறக்கவில்லை. தங்கைக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, வாத்தியக்காரர்கள் தாளம் பிடிக்க யாராவது சும்மா பாடிக் காட்டுங்கள் என்றார் இசையமைப்பாளர். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே பாடினாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரியில் உடைந்தாள். வயலின்காரர் வில்லை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். பாவம் அக்கா என்று தங்கைக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வயிறுதான் எரிந்தது.

தொண்டை சரியான பிறகு தங்கை எத்தனை தடவை பாடியும் அது வரவில்லை. அக்கா டாக்சி பிடிக்கக் கீழே போயிருந்த நேரத்தில், அக்கா பாடியதில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து ஒட்டிவிடலாம், கூடப்பிறந்தவர்கள் குரல்தானே, யாருக்கும் தெரியாது என்றார் இசையமைப்பாளர். அவள் தலையாட்டினாள்.

இப்போது ஒலிப்பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பழைய பதிவுல இருந்து அந்த ஒரு வரிய எடுத்து ஒட்டிடலாமா மேடம்? யாருக்கும் தெரியாது.”

அவருக்கு ஒன்றும் தெரியாது, வேலை முடிய வேண்டுமே என்றுதான் சொன்னார். அவளுக்கோ யாரோ நடுத்தெருவில் நிறுத்திப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, நடையில் நின்று அக்காவுக்கு போன் போட்டாள்.

அக்கா தையல் கடையில் இருந்தாள். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சாப்பிட்டாயா பாப்பா என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள். இவள் மென்று விழுங்கி, அந்தப் பாட்டின் கடைசி வரி என்று இழுத்தாள்.

“நான் பாடுனதுதானே.”

மெஷின் நின்றது.

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“என் குரல் எனக்குத் தெரியாதா? மொத மொத ரேடியோல வந்தப்ப உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.”

ஆமாம், உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் எல்லாருக்கும் காபி போட்டு வந்தாள். தங்கையின் கன்னத்தைக் கிள்ளினாள். அக்காவுக்குப் பெருமையில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாளே, எவ்வளவு மட்டமான புத்தி!

“ஏன்க்கா கேக்கவே இல்ல?”

“நீயே சொல்லுவேன்னு இருந்தேன். நான் அழுதத ஊரே பாடுச்சு. நான்தான் அழுதேன்னு மட்டும் யாருக்கும் தெரியல. அப்புறம் அதுவே பழகிடுச்சு பாப்பா.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். நீயே வந்து பாடு, உன் பெயரையும் போடச் சொல்கிறேன் என்றாள் தங்கை. பதிலாக மெஷின்தான் மறுபடி ஓட ஆரம்பித்தது. அக்கா போனை மட்டும் வைக்கவில்லை. தங்கை நெடுநேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள்.

“ஒட்டாதீங்க சார். அது என் குரல் இல்ல. எங்கக்கா பாடினது.”

அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒலிப்பதிவாளர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலிலிருந்து போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள்.

பாட்டு ஓடியது. நன்றாகவே பாடினாள். கடைசி வரி வந்ததும் வாய் மூடிக்கொண்டது, வலது கை பழக்கதோஷத்தில் தானாக முன்னால் நீண்டது. எதிரே கூட்டம் இல்லை, கண்ணாடி மட்டும் இருந்தது. ஹெட்போனில் வயலின் ஒற்றையாகப் போய்க்கொண்டிருந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.