குளம் தெளிந்த நாள்

குளத்துக்கு இரண்டு சொந்தக்காரிகள். ஒருத்தி பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் அளக்காமல் நம்பமாட்டாள். அதனால் அக்கம்பக்கத்தில் அவளுக்கு 'மீட்டரம்மா' என்று பெயர். இன்னொருத்தி அவள் கணவனின் தங்கை, தையல்காரி. ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவாள். கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டிருப்பது வருகிறவர்களின் திருப்திக்குத்தான். அரை ஏக்கர் குளத்தில் இருவரும் கெண்டை வளர்த்தார்கள். தண்ணீர் மீட்டரம்மா பொறுப்பு, தீனி தையல்காரி பொறுப்பு.

மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று தகவல் வந்ததும் மீட்டரம்மா கிளம்பினாள். போகும்போது இரண்டே விஷயம்தான் சொன்னாள்: தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும், தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டரை நிறுத்தக்கூடாது. குளத்தின் மேல் பாய் விரித்த மாதிரி பாசி படர்ந்திருந்தது. அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

தையல்காரிக்கோ அந்தப் பாசியைப் பார்க்கப் பார்க்க மானம் போயிற்று. துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் குளக்கரை வழியாகத்தான் வரவேண்டும். ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த ஒருத்தி, "சாக்கடையிலயா மீன் வளக்கறீங்க?" என்று கேட்டும்விட்டாள். அன்றைக்கே தையல்காரி கிடங்கிலிருந்த, பாசியைக் கொல்லும் மயில்துத்தத்தைக் கரைத்து, ஒரு மூலை விடாமல் தெளித்தாள். மூன்றாம் நாள் பாசி பழுத்து அடியில் இறங்கியது. தண்ணீர் தெளிந்தது. இனி எதற்கு வெட்டியாக ஓட வேண்டும் என்று ஏரேட்டரையும் நிறுத்தினாள். அன்று முழுக்க வெயிலே வரவில்லை.

மறுநாள் காலை அவளே போன் செய்தாள்.

"அண்ணி, குளம் கண்ணாடி மாதிரி இருக்கு! மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது. எனக்கு நன்றி சொல்ற மாதிரியே இருக்கு."

மறுமுனையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலியே."

"என்ன போட்டன்னு தெரிஞ்சாத்தான் என்ன செய்யணும்னு சொல்ல முடியும். மழுப்பாத."

"மயில்துத்தம்."

"எவ்வளவு எடத்துல?"

"முழுசா, அண்ணி."

"கொஞ்சம் கொஞ்சமா போட்டிருந்தாலும் தப்பிச்சிருக்கும். செத்த பாசி அழுகுது. தண்ணில கரைஞ்சிருக்கற காத்தையெல்லாம் அந்த அழுகலே இழுத்துக்கும். வெயிலும் இல்லன்னா புதுசா ஊறாது. மீன் நன்றி சொல்லல, மூச்சுக்குத் தவிக்குது. முதல்ல ஏரேட்டரைப் போடு. அப்புறம் மீட்டரை எடு."

கரைந்த காற்றை அளக்கும் மீட்டரின் கம்பியைத் தண்ணீரில் விட்டதும் 1.2 என்று காட்டியது. மூன்றுக்குக் கீழே போகக்கூடாது.

"ஏரேட்டர் மட்டும் பத்தாது. பம்பை வை. அடிச்சேத்தைக் கலக்காம மேல் தண்ணிய இழு. குழாயை உசரக் கட்டு, தண்ணி பலகைல மோதிச் சிதறி விழட்டும். சிதறினாத்தான் காத்து சேரும்."

"பலகைக்கு நான் எங்க போவேன்?"

"அது எனக்குத் தெரியாது" என்றாள் மீட்டரம்மா. உள்ளே அவளைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

தையல்காரி துணி வெட்டும் மேசையைக் கரைக்கு இழுத்தாள். ரவிக்கை வாங்க வந்தவளும் ஒரு பக்கம் பிடித்தாள். சாக்கடை என்று சொன்ன அதே ஆள். அன்று அவள் ரவிக்கையைப் பற்றிக் கேட்கவே இல்லை. சாய்த்து நிறுத்திய மேசைமேல் தண்ணீர் அறைந்து தெறித்தது. மணிக்கொரு தரம் தையல்காரி போனில் எண்ணை மட்டும் சொன்னாள். ஒன்றரை. ஒன்று புள்ளி நாலு. இரண்டு. சாயங்காலம் 2.8. அதற்குள் காற்றடித்த பக்கத்துக் கரையோரம் வெள்ளை வயிறுகள் ஒதுங்கத் தொடங்கியிருந்தன.

இரண்டு நாள் கழித்து மீட்டரம்மா வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராகக் குளத்துக்குப் போனாள். செத்த மீன்களை அள்ளிக் கொட்டிய குழியின் விளிம்பில் தையல்காரி மண்வெட்டியோடு நின்றிருந்தாள். திட்டு விழும் என்று காலையிலிருந்து தயாராக இருந்தாள். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

"எத்தனை?" என்றாள் மீட்டரம்மா.

"முந்நூத்திப் பத்து. நாலு தடவ எண்ணினேன்."

"பாசியத் தொடாதேன்னு நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்."

தையல்காரி யோசித்து வைத்திருந்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அழுகை வந்தது. மீட்டரம்மா மண்வெட்டியை வாங்கி, குழியை மூட ஆரம்பித்தாள்.

அறுவடையில் வழக்கத்தில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. அதற்கு முன்பே பாசி திரும்ப வந்திருந்தது. வாரத்துக்கு ஒரு மூலையாக வலைபோட்டு வாரி எடுத்தார்கள். விடிகாலை மீட்டர் அளவைத் தையல்காரி எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். முதல் வாரம் அவள் இரண்டு நாள் அளவு எடுக்காமல் தூங்கிவிட்டாள்.