சந்தனம் வைத்த பென்டிரைவ்

குமுதா அந்த இமெயிலைத் திங்கட்கிழமை காலையில் திறந்தாள். திறந்தது தப்புதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவசரப்பட்டு அவளை முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். கிள்ளானில் அவள் இருக்கும் தாமான் குடியிருப்பில், "தெரியாத லிங்க்கத் தட்டாதீங்க, வைரஸ் வரும்" என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் எழுதி எல்லாருடைய பிராணனையும் வாங்குகிறவளே அவள்தான்.

இமெயிலின் தலைப்பு மலாயில் இருந்தது: 'உங்கள் விண்ணப்பத்தின் முடிவு'. மேலே அரசாங்க முத்திரை மாதிரி ஒன்று. கீழே திறந்து பார்க்கச் சொல்லி ஒரு கோப்பு. நாலு வருஷமாக ஒரு முடிவுக்குக் காத்துக் கிடந்தவளுக்கு அது போதாதா?

குமுதாவுக்கும் திருச்செல்வத்துக்கும் சொந்தப் பிள்ளை இல்லை. ரவாங்கில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த இராஜம்மா, பன்னிரண்டு நாள் குழந்தையாக ஷாமினியைக் கொண்டுவந்து குமுதாவின் மடியில் வைத்தாள். பெற்றவள் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டாளாம். சட்டப்படி தத்தெடுத்து, தமிழ்ப்பள்ளியில் சேர்த்து, கண்ணுக்குள் வைத்து வளர்த்தும் என்ன? பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகள் அல்ல' என்ற வரி அப்படியே நின்றது. குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டையான ஐசி கிடைக்கவில்லை. ஐசி இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை, பேங்க் கணக்கு இல்லை, யுனிவர்சிட்டி இல்லை. எஸ்பிஎம் பள்ளியிறுதிப் பரீட்சையில் எட்டு ஏ எடுத்த பெண் கிள்ளான் பூக்கடையில் சரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏஜென்ட் மூலமாகப் போட்ட குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. ஏஜென்ட்டும் கடையைக் கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டான். இருபத்தொரு வயது முடிந்தால் இந்த வழியும் அடைந்துபோகும். அடுத்த வாரப் புதன்கிழமை ஷாமினிக்கு இருபத்தொன்று.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எல்லா டாக்குமென்டும் என் மேசைக்கு வந்திடணும் அக்கா. புதுசா ஒண்ணு போட்டுடலாம்" என்று லாயர் புனிதா சொல்லியிருந்தாள்.

டாக்குமென்ட் என்றால் முக்கியமானது ஒன்றே ஒன்றுதான். குழந்தை எங்கே, எப்போது பிறந்தது என்று இராஜம்மா எழுதிக் கைநாட்டு வைத்த கடிதம். இராஜம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அசல் கடிதம் கிள்ளானையே மூழ்கடித்த அந்தப் பெரிய வெள்ளத்தில், கீழ்வீட்டு அலமாரியோடு ஊறிக் கூழாகிவிட்டது. மிஞ்சியது, ஷாமினி எப்போதோ ஸ்கேன் பண்ணி மாடியறைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்த பிரதிதான். போலீஸ் ரிப்போர்ட்டோடு அதைக் காட்டினால் போதும் என்று புனிதா தைரியம் சொல்லியிருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் குமுதா இமெயிலைப் பார்த்தாள். வீட்டுக்கெல்லாம் ஒரே இமெயில் முகவரி. புதிதாக வந்ததென்றால் தலைப்பு தடித்த எழுத்தில் இருக்கும், இது மெலிந்து கிடந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையிலா இருந்தாள் அவள்? வெள்ளத்துக்குப் பிறகு சாமி படங்களும் அதே அறைக்கு ஏறியிருந்தன. எழுந்து விளக்கேற்றி, விபூதி பூசி, "தாயே, நல்ல சேதியா இருக்கணும்" என்று கும்பிட்டாள். விசைப்பலகையில் ஏற்கெனவே விபூதி சிந்திக் கிடந்தது. "இந்த மனுஷனுக்குச் சுத்தமே கிடையாது" என்று ஊரில் இல்லாத புருஷனைத் திட்டிக்கொண்டே ஊதித் தள்ளிவிட்டுக் கோப்பைத் தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். ஐந்து தடவை தட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பார்த்தால், ஷாமினி என்று பெயரிட்ட ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்புக்கும் வால் முளைத்ததுபோல் என்னென்னவோ எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. திரை நடுவில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. உன் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம் என்றது.

ஐயையோ, என் கையாலேயே பிள்ளை தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே! இருபது வருஷம் யாராரோ அலைக்கழித்தும் அணையாத விளக்கைத் தானே ஊதி அணைத்துவிட்டதாகக் குமுதாவுக்குப் பட்டது. நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டரை விற்றவன் பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் லோகன். அவனுக்குப் போன் போட்டாள்.

"ஆன்டி, மொதல்ல இன்டர்நெட் வயரப் புடுங்குங்க. சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. ஒரு காசு கட்டாதீங்க, கட்டினாலும் தர மாட்டானுங்க" என்றான் லோகன். "போலீஸ்ல ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க. அப்புறம், அதுல எதையும் சொருகாதீங்க லா. வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?"

"இல்ல தம்பி."

"நல்லா யோசிங்க. காப்பி இல்லன்னா கஷ்டம் ஆன்டி."

யோசிக்க மூளை இருந்தால்தானே! கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். சாயங்காலம் ஷாமினி வந்து மாடியேறியபோது, "கரண்ட் சரியில்ல, அதத் தொடாத" என்றாள். அந்தப் பெண் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கீழே போனாள். போட்ட சோறு தட்டில் அப்படியே இருந்தது. பிறந்தநாள் நெருங்குகிற கவலை என்று நினைத்துக் குமுதாவுக்கு நெஞ்சு இன்னும் வெந்தது. ஜொகூரிலிருந்து கூப்பிட்ட திருச்செல்வத்திடமும் மூச்சு விடவில்லை. லோரி ஓட்டுகிற மனுஷன், இதைக் கேட்டுவிட்டு ஹைவேயில் எங்காவது இடித்துக்கொண்டால்?

புதன்கிழமை மத்தியானம் போலீஸில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வந்து சாமி முன்னால் நின்றாள். கும்பிட வாய் வரவில்லை. "உன்னக் கும்பிட்டுத்தானே தொறந்தேன்? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" என்று சரஸ்வதி படத்தைப் பார்த்துச் சண்டை பிடித்தாள். படத்தில் காய்ந்த சந்தனப் பொட்டு. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சரஸ்வதி பூஜைக்குப் பிள்ளைகளின் புத்தகத்தை வைப்பார்கள், தொழில் செய்கிறவர்கள் கருவியை வைப்பார்கள். குமுதா வருஷா வருஷம் ஷாமினியின் டாக்குமென்ட் ஃபைலை வைப்பாள். வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் வைக்க ஃபைல் இல்லை. என்ன செய்வது என்று யோசித்து, யூனியன் விருந்தில் திருச்செல்வத்துக்குச் சும்மா கொடுத்த பென்டிரைவில் அந்த ஸ்கேன்களை ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களோடு படைத்தாள். பூஜை முடிந்து எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் கட்டி அலமாரி மேல் வைத்தாள். மறுவருஷம் மாமியார் தவறிப்போனதால் பண்டிகை இல்லை. அந்த மூட்டையை அப்புறம் யாரும் பிரிக்கவில்லை.

நாற்காலி போட்டு ஏறினாள். மூட்டை இருந்தது. பென்டிரைவும் இருந்தது. "என் தாயே!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதோடு நின்றாளா? கடிதம் உள்ளே இருக்கிறதா என்று அந்த நிமிஷமே பார்த்தாக வேண்டும். துண்டை இழுத்தெறிந்தாள், சுவிட்சைப் போட்டாள், பென்டிரைவைக் கொண்டுபோய் அதே கம்ப்யூட்டரில் சொருகினாள். எதையும் சொருகாதீங்க என்று லோகன் சொன்னது காதில் விழுந்திருந்தது, மனதில் விழவில்லை.

விளக்கு எரியவில்லை. திரையில் எதுவும் தோன்றவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி சொருகினாள், திருப்பிச் சொருகினாள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இதுவும் போச்சு. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை காலையில் ஷாமினி வேலைக்குப் போனதும், பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு புறநகர் கொம்யூட்டர் ரயில் ஏறினாள். கேஎல் சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை அந்த வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். லோகன் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தான்.

பென்டிரைவின் வாயை விளக்கில் காட்டிப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"என்ன ஆன்டி இது? சாமிக்கு வச்சீங்களா, இதையே சாமியாக்கிப் பூசினீங்களா? உள்ள பூரா சந்தனம் காஞ்சு அடச்சிருக்கு."

"சிரிக்காத தம்பி. என் புள்ள வாழ்க்க அதுல இருக்கு."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஊசியால் மெதுவாகச் சுரண்டினான். ஸ்பிரிட்டில் நனைத்த பல்துலக்கியால் தேய்த்தான். மஞ்சள் தூள் தூளாக மேசையில் உதிர்ந்தது. பக்கத்துக் கடையில் ரொட்டி தட்டும் சத்தம் குமுதாவின் மண்டைக்குள் கேட்டது.

"ஆன்டி, உண்மையச் சொல்லுங்க. இத வீட்டுக் கம்ப்யூட்டர்ல சொருகினீங்களா?"

"சொருகினேன். வேல செய்யல."

லோகன் நிமிர்ந்து பார்த்தான். "வேல செஞ்சிருந்தா அந்த வைரஸ் இதையும் பூட்டியிருக்கும். இந்தச் சந்தனந்தான் தடுத்திருக்கு, தெரியுமா?"

அவன் வேறு ஒரு கம்ப்யூட்டரில் சொருகினான். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தான். நாலாவதாக இராஜம்மாவின் கடிதம் வந்தது. கோணல் மாணலான எழுத்து, கீழே கட்டைவிரல் ரேகை. குமுதா ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். லோகன் அதைப் புனிதாவின் ஆபீசுக்கு அங்கிருந்தே அனுப்பி, இரண்டு புதுப் பிரதிகளும் போட்டுக் கொடுத்தான். கிடைத்துவிட்டது என்று அரை மணி நேரத்தில் புனிதா பதில் போட்டாள்.

"முடிவுன்னு போட்டு எல்லாருக்கும் அனுப்புறானுங்க ஆன்டி. லோனுக்குப் போட்டவன் தொறப்பான், வேலைக்குப் போட்டவன் தொறப்பான். நீங்க மட்டும் இல்ல" என்றான் லோகன்.

திரும்பி வரும்போது குமுதா மகளைக் கிள்ளான் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாள். இனியும் மறைக்க அவளால் முடியாது. பூக்கடை வாசனையோடு ஷாமினி பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் முகம் எலும்பும் தோலுமாகிவிட்டிருந்தது. குமுதா பக்கத்தில் உட்கார்ந்து, இமெயில், பூட்டு, பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"எல்லாம் கெடச்சிருச்சு. லாயர்கிட்டயும் போயிருச்சு. ஆனா நாந்தான்டி அதத் தொறந்தேன். என்ன மன்னிச்சிடு."

ஷாமினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பத் தொடங்கினாள்.

"நீங்க இல்லம்மா. ஞாயித்துக்கிழமையே நான் தொறந்துட்டேன். ஒண்ணும் வரல. நீங்க துண்டு போட்டு மூடினப்பவே தெரிஞ்சிடுச்சு, என்னாலதான்னு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதுல முடிவுன்னு போட்டிருந்துச்சும்மா. விளக்கேத்தி, விபூதி பூசி, சாமி கும்பிட்டுட்டுத்தான் தொறந்தேன்."

விசைப்பலகையில் சிந்திக் கிடந்த விபூதி குமுதாவின் கண்முன் வந்தது. மகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"நானும்தான்டி" என்றாள்.