கம்ப்யூட்டருக்கு வைத்த ஃபேன்

கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் நகர்கிறது என்று அப்பா சென்றாயன் போனில் புலம்பிக்கொண்டே இருந்ததால், ஓசூரிலிருந்து மாரண்டஹள்ளிக்கு வந்த கையோடு கோகிலா அதைப் பிரித்துப் போட்டாள். ஆன்லைன் வகுப்பு நடந்த காலத்தில், சூட்டில் அணைந்துவிடுகிறதென்று கழற்றிய பக்கவாட்டு மூடி இன்னும் கட்டிலடியில்தான் கிடந்தது. திறந்த பெட்டிக்கு நேராக, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனும் அப்படியே நின்றது. தக்காளிக் காட்டிலிருந்து வேர்த்து வரும் அப்பா, அவள் பாடம் முடியும்வரை மூலையில் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது அதெல்லாம் அவள் கண்ணில் எங்கே பட்டது.

பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, வேண்டாத புரோகிராம்களை நீக்கி, மூடியை மாட்டினாள். கம்ப்யூட்டர் நொடியில் ஆன் ஆனது.

"இனிமே இதுக்கு ஃபேன் வேணாம்ப்பா. நீங்க காத்து வாங்குங்க," என்று ஃபேனை அவர் பக்கம் திருப்பினாள்.

காற்று முகத்தில் பட்டதும் அவர் தப்புச் செய்தவர்போல் எழுந்து மூலைக்கு ஒதுங்கினார்.

"ஏம்ப்பா?"

"காத்த மறைச்சா உன் கிளாசு நின்னுபோயிருமேன்னு ஒதுங்கி ஒதுங்கியே பழகிப்போச்சு பாப்பா."