காலர் அணுகுமுறை

ஓர் உயிரைக் காப்பதைவிட மேலான பணி இவ்வுலகில் வேறில்லை. அந்தப் பணிக்கு நாற்பது வினாடி ஒதுக்கியிருந்தார்கள்.

நாற்பது வினாடிக்குள் பதில் போகாவிட்டால் திரையின் மூலையில் சிவப்பு விளக்கு துடிக்கும். அதனால் பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு நாற்காலிகளில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார்கள். வாழ்வதா சாவதா என்று முகம் தெரியாதவர்களிடம் கேட்டு எழுதுகிறவர்களுக்கு, முன்பே எழுதி வைத்த ஒன்பது பதில்களில் ஒன்றைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகம் செலவானது நான்காம் பதில்: "உங்கள் வலியை உணர்கிறோம். நீங்கள் தனியாக இல்லை." ஒரு நாள் முழுக்க எதுவும் எழுதாதவர் பெயருக்குப் பக்கத்தில் தானாகவே பச்சைப் புள்ளி விழும். பச்சை என்றால் மீண்டுவிட்டார். எழுதாமல் போனதற்கு வேறு காரணமும் இருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் நாற்பது வினாடி போய்விடும்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் இயக்குநர். மெத்தென்ற குரல், மெத்தென்ற செருப்பு. பின்னால் வந்து நிற்பதே தெரியாது. பெண்கள் அவருக்குச் சாந்தசொரூபி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் பெண்களை நாற்காலி எண்ணால் அழைத்தார்.

மூன்றாம் நாற்காலிக்காரியிடம் ஒரு மதியம் தையல்காரர் வந்து சேர்ந்தார். முப்பது வருடம் சட்டை ஆலையில் காலர் தைத்தவர். கை நடுங்கத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "தெரிஞ்சவங்ககிட்ட இதைக் கேக்க முடியாது. அழுதுடுவாங்க. அதான் உங்களைக் கேக்கறேன். நான் இருக்கணுமா?" என்று எழுதியிருந்தார்.

அவள் விரல் நான்காம் பதிலின்மேல் போய் நின்றது. பிறகு விலகியது. "இருங்க. எனக்கு ஒரு சந்தேகம். ஆபீஸ்ல குடுத்த சட்டையில காலர் ஒரு பக்கம் தூக்கிட்டே நிக்குது. எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அடங்க மாட்டேங்குது. ஏன்?"

சிவப்பு விளக்கு துடித்தது. ஏழு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "காலருக்குள்ள வெக்கற துணியை இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருக்கான் படுபாவி. எந்த ஆலைக்காரன் அவன்?"

அடுத்த நான்கு நாளும் அவர் வந்தார். பித்தான் துளையில் ஆரம்பித்து மேற்பார்வையாளரின் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துப் பேசினார். அவளுக்குக் 'காலரம்மா' என்று பெயர் வைத்தார். போகும்போதெல்லாம் "மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்" என்று எழுதுவார். அந்த 'நாளைக்கு' என்ற ஒரு சொல்லுக்காக அவள் விளக்கைத் துடிக்கவிட்டாள்.

ஐந்தாம் நாள் முதுகுக்குப் பின்னால் மெத்தென்று குரல் கேட்டது.

"மூணு, என்னம்மா இது? இருபத்திரண்டு நிமிஷமா காலரைப் பத்தியே பேச்சு? இது ஆறுதல் மையமா, தையல் கடையா?"

"தினமும் வராரு சார். வராருன்னா இருக்காருன்னுதானே சார் அர்த்தம்?"

"வந்துக்கிட்டே இருந்தா அவரு எப்பம்மா பச்சையாவாரு?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அன்றே அவளைக் கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் நான்காம் நாற்காலிக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உன் தையல்காரர் வந்தாரு. காலரம்மா எங்கன்னு மூணு தரம் கேட்டாரு."

"நீ என்னடி சொன்ன?"

"நாலாம் பதில்."

"மூணு தரமுமா?"

"சாந்தம் பின்னாடியே நிக்குதுக்கா, நான் என்ன பண்ணுவேன்? கடைசியா 'சரி'ன்னு போட்டாரு. அவ்வளவுதான். இன்னிக்குக் காலையில பச்சை விழுந்துடுச்சு."

ஒரே ஒரு வரி எழுத அனுமதி கேட்டு அவள் இயக்குநர் முன்னால் போய் நின்றாள். "பச்சையானவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதும்மா. அவங்க புது வாழ்க்கையில இருக்காங்க" என்று அவர் கண்ணை மூடித் திறந்தார்.

அந்தக் கண் மூடலை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பாத்திரம் துலக்கும்போதும், பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் அவரைத் தண்டித்துக்கொண்டே இருந்தாள். ஊரைக் கூட்டினாள், நடுவில் அவரை நிறுத்தினாள், பேச்சு வராமல் திணற வைத்தாள். ஒருமுறை அந்தச் செருப்பையும் பிடுங்கிக்கொண்டு வெயிலில் ஓடவிட்டாள்.

பச்சை விழுந்த பதினோராம் நாள் மையத்தில் நன்கொடையாளர் கூட்டம். கணினி ஆள் வரவில்லை என்று கோப்பு அறையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். சுவர் அளவு திரை. இயக்குநரின் சொந்தக் கணக்கு திறந்திருந்தது. பச்சையானவர்களுக்கும் எழுத அதற்கு மட்டும் தடை கிடையாது.

"நண்பர்களே, சாவோட வாசல்ல நிக்கறவனை ஒரு சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துட முடியும். இது நான் உருவாக்கின முறை. இதுக்குக் காலர் அணுகுமுறைன்னு பேர் வெச்சிருக்கேன்" என்றார் இயக்குநர். திரையில் அவள் எழுதிய வரிகள். கைதட்டல்.

அவள் காதுமடல் கொதித்தது. விரலால் பக்கத்தைக் கீழே இழுத்தாள். 'காலரம்மா எங்க?' நான்காம் பதில். 'காலரம்மா இல்லையா?' நான்காம் பதில். 'அவங்களுக்கு ஒண்ணுமில்லையே?' நான்காம் பதில். 'சரி.' பச்சைப் புள்ளி. அதற்குக் கீழே பதினோரு நாள் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் எல்லோரும் பார்க்க எழுதினாள்: "காலரம்மா வந்திருக்கேன். இருக்கீங்களா?"

அரங்கு பார்த்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"என்னங்க, பதிலையே காணோம்?" என்றார் முன்வரிசைப் பெரியவர்.

"நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கு..." என்று இழுத்தார் இயக்குநர்.

"நெட்டு நல்லாத்தான் சார் இருக்கு. ஆளு இருக்காரான்னுதான் தெரியல" என்று அவள் எழுந்து நின்று சொன்னாள்.

இயக்குநர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. முன்வரிசை முழுவதும் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்தது.

அப்போது திரையில் ஒரு வரி விழுந்தது: "இருக்கேன்."

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பெரியவர் கண்ணைத் துடைத்தார். "பாத்தீங்களா! மீண்டவர்!" இயக்குநருக்குக் குரல் திரும்பிவிட்டது. நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். குனிந்த வாக்கில் பெருந்திரையின் இணைப்புக் கம்பியையும் பிடுங்கினார். அதனால் அடுத்த வரி அவள் முன்னாலிருந்த கணினியின் சின்னத் திரையில் மட்டும்தான் வந்தது: "குணமாயிட்டீங்கன்னு சொல்லிப் பூட்டி வெச்சுட்டாங்க. தினமும் வந்து பாத்தேன், எழுத விடல. இப்ப நீங்க எழுதினதும்தான் திறந்துச்சு."

அவள் தன் தொலைபேசி எண்ணை அடித்து அனுப்பினாள். காதோரம் மெத்தென்று குரல்: "அடையாள அட்டையைக் கழட்டி வெச்சுட்டுப் போ, மூணு."

மாடிப்படியில் இறங்கும்போது கைபேசி அடித்தது.

"காலரம்மாவா? குரல் சின்னப் பொண்ணு மாதிரியில்ல இருக்கு!"

"உங்க குரல் என்னவாம், குமரன் மாதிரியா இருக்கு?"

அவர் சிரித்தார், இருமினார். "போயிட்டேன்னு நெனச்சுட்டியாம்மா?"

"நெனச்சேங்க."

"அப்ப இருக்கேன்னு நான் போட்டதும் சந்தோஷமா இருந்துச்சா?"

"ஆமாங்க" என்றாள்.

சந்தோஷம் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. முதலில் வந்தது, சாந்தசொரூபியின் வியர்வை காய்ந்துவிட்டதே என்ற ஏமாற்றம்.