விசா அதிகாரியின் ஈரத்தலை

என் மனைவி தேசங்காவுக்கு நான் மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில். சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, முக்கியமாக யாருக்கும் புத்திமதி சொல்லக் கூடாது.

"நான் எப்பய்யா யாருக்குப் புத்தி சொல்லியிருக்கேன்?" என்றாள். "முதல்ல நீ அந்தப் பனியனை உள்ள சொருகு, இடுப்புல காத்து படுது."

ஏற்கனவே இரண்டு முறை அவளுக்கு விசா மறுத்துவிட்டார்கள். இரண்டு கடிதத்திலும் ஒரே வரிதான்: விண்ணப்பதாரர் நாடு திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லை. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு நானும் அங்கே போய் நிற்க வேண்டியிருக்கலாம். வடக்கே, வெயிலுக்கு வழியில்லாத ஊர். தேசங்காவின் தங்கை விதா அங்கே பதினொரு வருடமாக இருக்கிறாள். நாற்பத்தொரு வயதில் முதல் பிள்ளை, அடுத்த மாதம் பிரசவம். புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில். இந்த முறையும் விசா இல்லை என்றால் விதா தனியாகத்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் நிஷிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து தலைநகர் பெல்கிரேடு வந்தோம். ஜூலை மாதம். பஸ்ஸில் நாற்பது பேர், ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. வெந்துபோனோம், ஆனால் ஆரோக்கியமாக வந்து சேர்ந்தோம். எதிரெதிரே இரண்டு பக்கம் திறந்திருந்தால் நடுவில் ஓடுகிற காற்றுக்கு எங்களிடம் ப்ரோமாயா என்று பெயர். கழுத்துப் பிடிப்பு, பல்வலி, வாய்க்கோணல், ஏன், சில விவாகரத்துகளுக்கும் அதுதான் காரணம். டாக்டருக்குப் படித்தவர்கள்கூட இதை மறுத்துப் பேசுவதில்லை. அவர்களுக்கும் வீட்டில் அம்மா உண்டு.

தூதரகக் கூடத்தில் முப்பது பேர் காத்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி. எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்துத் தேறியவன். மைக்கில் அவன் பேசுவதும் நாம் பேசுவதும் கூடம் முழுக்கக் கேட்கும். அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. எதிரே கதவும் திறந்திருந்தது. மேசைக் காகிதங்கள் படபடத்தன. அதையாவது தேசங்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவன் தலை சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. நீச்சல் குளத்திலிருந்து நேராக வந்திருக்கிறான், பாவி.

"தங்கள் பயணத்தின் நோக்கம் யாது?"

"தங்கச்சிக்குப் பிரசவம்."

"எத்தனை நாட்கள் தங்குவீர்கள்?"

"பதினஞ்சு நாள்."

சபாஷ், என் மாணவி! அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது. அப்போது பார்த்து அவன் தும்மித் தொலைத்தான்.

"தம்பி, அந்த ஜன்னலைச் சாத்து."

"மன்னிக்கவும்?"

"முன்னாடி கதவு, பின்னாடி ஜன்னல், நடுவுல ஈரத்தலை! உங்கம்மாவுக்கு இது தெரியுமா?"

நான் பாய்ந்து போனேன். "வாயை மூடுடி தேசங்கா!"

"நீ சும்மா இருய்யா. பையன் சாகக் கிடக்கான்!"

அதிகாரி பொறுமையாக மைக்கில் சொன்னான்: "அம்மா, எங்கள் நாட்டில் காற்றினால் எவரும் நோயுறுவதில்லை."

அவ்வளவுதான், கூடமே கொதித்து எழுந்தது. டை கட்டிய ஒரு பெரிய மனிதர், "என் மச்சினனுக்கு இன்னும் வாய் கோணிக்கிட்டுத்தான் இருக்கு, வந்து பாருங்க!" என்று கத்தினார். ஒரு பெண் பாஸ்போர்ட் கொடுக்கிற இடுக்கு வழியாகத் தன் தலைக்குட்டையைத் திணித்தாள். "கட்டிக்கப்பா. அப்புறமா குடுத்தாப் போதும்." எல்லோரையும் அடக்க வேண்டிய காவலாளி எங்கள் ஆள். "நானும் மூணு மாசமாச் சொல்றேன், கேட்டாத்தானே" என்று முணுமுணுத்தான்.

முகம் சிவந்த அதிகாரி முத்திரைக் கட்டையால் மேசையைத் தட்டினான். "அமைதி! அம்மா, தாங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

இரண்டு முறை எங்களைக் கவிழ்த்த கேள்வி. நான் அவசரமாகக் கோப்பை நீட்டினேன். வீட்டுப் பத்திரம், வேலைச் சான்றிதழ், எங்கள் மூன்று பன்றிகளின் புகைப்படம், எல்லாம் அதில் இருந்தன. தேசங்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"திரும்பி வராம? உங்க ஊர்ல ஆஸ்பத்திரியிலகூட ஜன்னலைத் திறந்து வைக்கிறீங்களாமே! கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில போட்டுப் பனியில, வாசல்ல தூங்கப் போடுறீங்களாமே! விதா போன்ல சொன்னப்ப நான் ரெண்டு நாள் சாப்பிடல. பதினஞ்சு நாள் நான் அங்க உசிரோட இருந்தாலே பெருசு. பதினாறாம் நாள் நீயே வந்து கால்ல விழுந்தாலும் இருக்க மாட்டேன்!"

சொல்லிவிட்டு, அந்த ஜூலைப் புழுக்கத்திலும் சட்டைக் காலரைக் கழுத்துவரை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டாள். உண்மையான பயம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தும் அது தெரிந்திருக்க வேண்டும். அவன் பழைய மறுப்புக் கடிதங்களைப் புரட்டினான். பிறகு விண்ணப்பத்தில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினான்.

"இந்த நாற்காலியில் அமர்ந்து நான் கேட்ட பதில்களில், ஐயமின்றி நம்பியது இது ஒன்றைத்தான். பதினைந்து நாட்கள். அடுத்த வாரம் வந்து கடவுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்."

கூடம் கைதட்டியது. நான் மிதந்துகொண்டே வெளியே வந்தேன், கறி அடைத்துச் சுட்ட பூரெக் ஒன்று சூடாக வாங்கிக் கொண்டாட வேண்டும் என்று. திரும்பிப் பார்த்தால் தேசங்கா வாசல் படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருக்கிறாள்.

"அதான் கிடைச்சிருச்சேடி. ஏன் அழுவுற?"

"பதினஞ்சு நாள்தானேய்யா," என்றாள். "பச்சை உடம்புக்காரி. பதினாறாம் நாள் அவ தலைக்குக் குளிச்சிட்டு வந்தா, ஜன்னலைச் சாத்துடின்னு சொல்ல அங்க யாரு இருக்கா?"