மூன்று மாதமும் ஒரு கூடை ரொட்டியும்

…அப்பாவை மூணு மாசம் நீ வச்சுக்கோ, இவ்வளவுதானே, இதைச் சொல்ல இத்தனை கூத்தா, கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமில் பொருத்திக்கொண்டே வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாயிற்று, பஸ்ஸில் வாய்விட்டே சொல்லப்போய்ப் பக்கத்து சீட்டுக்காரர் "என்னம்மா?" என்று திரும்பிக்கூடப் பார்த்தார், இங்கே வந்து உட்கார்ந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது, எதிரே தங்கை, "அக்கா, இந்த எள்ளு பன்னச் சாப்பிட்டுப் பாரேன், பஞ்சு மாதிரி இருக்கு" என்கிறாள். பஞ்சாம், பஞ்சு! பேசணும் வா என்று கூப்பிட்டுவிட்டு இவள் பிடித்த இடத்தைப் பார், ஒரு கிண்ணம் சூப், அதோடு தொண்ணூறு நிமிஷத்துக்கு ரொட்டி எவ்வளவு வேண்டுமானாலும், அடுப்பிலிருந்து தட்டு இறங்க இறங்க ஏப்ரன் கட்டிய ஒருத்தி கூடையோடு மேஜை மேஜையாக வந்து "பூண்டு ரொட்டி, சூடா இருக்கு" என்கிறாள், பந்திக்கு முந்து என்று ஜனம் கையை நீட்டுகிறது… நாலு வருஷமாக ரொட்டியைத் தவிர வேறு என்னத்தைக் கண்டாள் இந்த அக்கா? பக்கவாதம் வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஓரத்தை மெல்ல முடியாது, நடுவில் இருப்பது பாலில் நனைத்து அவருக்கு, ஓரமெல்லாம் இவளுக்கு, அதுவும் பாத்திரம் கழுவுகிற தொட்டி முன்னால் நின்றபடியே. அப்பேர்ப்பட்டவளை ரொட்டி தின்னக் கூப்பிட்டிருக்கிறாள் மகராசி.

இப்போது அப்பா பக்கத்து வீட்டு அக்காவிடம் மணி கேட்டுக்கொண்டிருப்பார், முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர், வலது கை போனது, பாதிப் பேச்சு போனது, மணி கேட்பது மட்டும் போகவில்லை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "மணி என்ன?", டீ ரெண்டு நிமிஷம் பிந்தினால் "லேட்டு" என்று ஒரு முறைப்பு, அப்பா, நான் பஸ் இல்லப்பா என்று ஒருநாள் கத்தியே விட்டாள், கத்திவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதாள்… மூன்றே மாதம், அதைத்தான் கேட்கிறாள், கண் பரிசோதகர் பரீட்சைக்குப் படிக்க. கடை முதலாளியே சொல்லிவிட்டார், அந்தச் சான்றிதழோடு வாம்மா, உள் அறையில் உட்காரலாம் என்று. போன வருஷமும் சொன்னார், முந்தின வருஷமும் சொன்னார், அப்பாவை வைத்துக்கொண்டு எங்கே சார் என்றாள் ஒவ்வொரு வருஷமும். தங்கைக்கு என்ன, பல் ஆஸ்பத்திரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்து அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டுப் போனால் கடமை முடிந்தது, உனக்கென்னடி, நீ தப்பிச்சுட்ட என்று போனில் இவள் எத்தனை தடவை குத்தியிருக்கிறாள், உறைத்ததா அவளுக்கு?

சரி, சொல்லிவிடலாம். "இங்க பாரு, அப்பாவ…" என்று ஆரம்பித்தாள், "திராட்சை ரொட்டி" என்று கூடை வந்து நின்றது, தங்கை ரெண்டு எடுத்து இவள் தட்டில் ஒன்றை வைத்தாள். சனியன். வைத்ததைத் தின்னாமல் விட இவளுக்கும் மனசு வராது, மென்றாள், விழுங்கினாள், சூப்பைக் குடித்தாள், மறுபடியும் "அப்பாவ…" என்றாள், "சீஸ் பன்" என்றது கூடை. யாராவது சொல்லிவைத்து அனுப்புகிறார்களா என்ன? தங்கையின் மூக்குக்கண்ணாடி வேறு இடது பக்கம் இறங்கிக் கிடக்கிறது, அதைக் கழற்றி நிமிர்த்தாமல் இவளுக்கு ஒரு வாக்கியம் ஒழுங்காக ஓடாது, கொஞ்சம் காதுப் பக்கம் வளைத்தால்… இல்லை, இப்போது அதுவா முக்கியம், நேரம் போகிறது, தொண்ணூறில் அறுபது போய்விட்டது, அந்த அப்பாவுக்குப் பிறந்தவள்தானே, இவளும் மணியைத்தான் பார்க்கிறாள்.

அப்போதுதான் தங்கை கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இந்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அப்பாவ மூணு மாசம் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சாதாரணமாக, உப்பைக் கொடு என்பதுபோல. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது, இவள் என்ன செய்ய வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டாமா? "உன் வீட்டு பாத்ரூம் வழுக்கும்" என்றாள். "கைப்பிடி வச்சாச்சு, வழுக்காத பாயும் போட்டாச்சு." "வெளிச்சம் கண்ணுல அடிச்சா அவருக்குத் தூக்கம் வராது." "கட்டில சுவர் பக்கம் திருப்பிட்டேங்க்கா." "பகல்ல யாரு பாத்துப்பா?" "லீவு சொல்லிட்டேன், மிச்ச நாளுக்கு நர்ஸ் ஒருத்தங்க வராங்க." வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்கிற கதையாக, "நீ போடுற டீ அவருக்குப் பிடிக்காது" என்றாள் கடைசியில், சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. தங்கை சிரிக்கவில்லை. "சரி, டீய நீயே வந்து போடு. மூணு மாசத்துல பரீட்சையாமே, விசாரிச்சேன். அதுக்குத்தான் இப்பவே கேக்குறேன். மூணு வாரமா ரூம ஒழிச்சிட்டு இருக்கேங்க்கா, உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இங்க கூட்டிட்டு வந்தேன்" என்றாள், "தப்பிச்சுட்ட, தப்பிச்சுட்டன்னு நீ சொல்றப்பல்லாம் எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்ச?"

வாயில் ரொட்டி இருந்தது, நல்லவேளை இருந்தது, மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள்… எரிச்சல்தான் வந்தது, தங்கைமேல், அவள் மாட்டிய கைப்பிடிமேல், யாரைக் கேட்டு விசாரித்தாள், கேட்காமலே கொடுக்கச் சொன்னது யார்? ஞாயிற்றுக்கிழமை அப்பா தங்கை வீட்டுக்குப் போய்விடுவார், திங்கட்கிழமை வீட்டில் மணி கேட்க ஆள் இருக்காது, மேஜையில் புத்தகம் இருக்கும், முதல் பாடத்தில் விழித்திரைப் படம், அதில் இருபத்தைந்து பெயர், பள்ளிக்கூடம் விட்டு இருபது வருஷம் ஆன மண்டையில் அது ஏறுமா, ஏறாவிட்டால்? எழுதித் தோற்றால்? இத்தனை வருஷம் முதலாளிக்கும் தங்கைக்கும் தனக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள், அப்பாவை வைத்துக்கொண்டு எங்கே என்று, அந்த மனுஷர் பாவம் மறுத்துப் பேசவும் முடியாதவர்… அப்போ இந்த நாலு வருஷமும் யார் யாரை வைத்துக்கொண்டிருந்தது? "என்னக்கா, ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டு வரட்டுமா, வேணாமா?" என்று தங்கை கேட்டாள். விழுங்கியாகிவிட்டது, வாய் காலியாக இருந்தது, அவள் கூடைக்காரி எங்கே என்று திரும்பிப் பார்த்தாள்.